காதுக்குள் ஒரு மாமியார்

எங்கள் கிடங்கில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் ஒரு மாமியார் உண்டு. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் உண்டு, ஆண்களுக்கும் உண்டு. காலையில் உள்ளே நுழைந்ததும் தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறோமே, அதற்குள் குடியிருக்கிறாள். "இருபதாம் வரிசை, மூன்றாம் தட்டு, இரண்டு எடுக்கவும்" என்பாள். ஓடிப்போய் எடுத்து, தள்ளுவண்டியில் இருக்கும் பெட்டியில் போட்டு, "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். "அடுத்ததற்குத் தயாரா?" என்பாள். "தயார்" என்றால்தான் அடுத்த இடத்தைச் சொல்வாள். காதில் சரியாக விழாவிட்டால் "மறுபடி" என்று கேட்டுக்கொள்ளலாம். இந்த மூன்று சொற்களைத் தவிர நம் வாயிலிருந்து வரும் எதுவும் அவளுக்குப் புரியாது. ஒருநாள் எரிச்சலில் "போடி" என்றேன். "புரியவில்லை, மறுபடி சொல்லவும்" என்றாள். ஆசை தீர மறுபடி சொன்னேன்.

நாள் முழுக்க இப்படியே பேசினால் நாக்கு அதற்கே பழகிவிடும். வீட்டில் என் கணவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "முடிந்தது" என்பேன். டாக்டர் மூச்சை இழுத்து விடச் சொன்னபோதும் "முடிந்தது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிடங்கில் இருக்கிற எல்லார் வீட்டிலும் இதே கூத்துதான்.

அந்தக் குரலுக்கு மாமியார் என்று பெயர் வைத்தது என் அண்ணி. என் அண்ணனின் மனைவி, அதே கிடங்கில் என்னோடு ஒரே ஷிஃப்ட். "எவ்வளவு செஞ்சாலும் போதும்னு ஒரு வார்த்தை வராது. நம்ம சொல்றதும் காதுல ஏறாது. வேற என்ன பேர் வைக்கிறது?" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. அண்ணிக்கு இருக்கிற ஒரே மாமியார் என் அம்மா. ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெயரை மட்டும் நானும் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவு பொருத்தம்.

நாங்கள் அப்படித்தான். நாத்தனாரும் அண்ணியும் ஒரு கூரையின் கீழ் ஒத்துப்போவதே பெரிய விஷயம், நாங்களோ கிடங்கின் கூரையின் கீழும் ஒன்றாக நின்றோம். அவளுடைய வேகத்தைக் கண்டால் எனக்குப் பொறாமை. என் வாயைக் கண்டால் அவளுக்குப் பயம்.

பிறகு அண்ணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. நல்லவேளையாகக் கெட்ட கட்டி இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்தாள், குரல் மட்டும் வரவில்லை. பேசினால் எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல் இருக்கும். டாக்டர் "இதுதான் இனிமே உங்க குரல், பழகிக்குங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணி பழகிக்கொண்டாள், நாங்களும் பழகிக்கொண்டோம். மாமியார்தான் பழகவில்லை.

வேலைக்குச் சேரும் முதல் நாள் நம்மை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, அந்தச் சொற்களைச் சொல்லச் சொல்லிக் குரலைப் பதிவுசெய்வார்கள். அதன் பிறகு மாமியார் அந்தக் குரலுக்கு மட்டும்தான் செவிசாய்ப்பாள். அண்ணியின் பழைய குரல் அவளிடம் பத்திரமாக இருந்தது. புதுக் குரல் யாரோ ஒரு அந்நியருடையது. "தயார்." "புரியவில்லை, மறுபடி சொல்லவும்." "தயார்." "புரியவில்லை, மறுபடி சொல்லவும்." பக்கத்து வரிசையில் நிற்கும் எனக்கு அண்ணி மந்திரம் ஜபிப்பதுபோல் கேட்கும். நான்கைந்து முறை தொண்டை கிழியச் சொன்ன பிறகு மாமியார் ஏதோ போனால் போகிறது என்று ஏற்றுக்கொள்வாள். கை அதே வேகத்தில் ஓடியது, வாயால் நேரம் போனது. வாசலில் எல்லார் வேகத்தையும் காட்டும் பெரிய திரையில் அண்ணியின் எண் சிவப்பாக எரிய ஆரம்பித்தது.

குரலை மறுபடி பதியச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டாள். "புதுசா சேர்றவங்களுக்குத்தாம்மா அந்தப் பக்கம் திறக்கும். பழைய ஆளுக்கு சிஸ்டம் விடாது" என்றார். வேலையை விட்டுவிட்டுப் புதிதாகச் சேர்ந்தால் பதியலாமாம்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அண்ணியின் செல்போனுக்குச் செய்தி வந்தது. உங்கள் வேகம் போதவில்லை, வாரக் கடைசியோடு உங்கள் பணி நிறைவடைகிறது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். கீழே ஒரு பூங்கொத்துப் படம் வேறு. அண்ணி போனை என்னிடம் நீட்டினாள். அண்ணன் வேலை பார்த்த கடையை மூடிய பிறகு அவன் இன்னும் ஒரு வேலையும் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தான். அந்த வீடே அண்ணியின் சம்பளத்தில்தான் நின்றது. என் அம்மாவின் மாத்திரைகூட.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பொறாமையாவது, பழைய சண்டையாவது. அந்தப் பூங்கொத்தை அனுப்பியவன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நல்லவேளை, அனுப்பியது எவனும் இல்லை, எல்லாம் தானாகவே போகிற செய்தி.

எங்களுக்குச் சங்கம் என்று ஒன்று இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்லலாம். செயலாளர், சரக்கைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வருவார், பேச்சும் அதே சத்தம்தான், அதனால் அவருக்கு ஹாரன் என்றே பெயர். நிர்வாகம் சங்கத்தோடு பேசாது. தனித்தனியாக வந்தால் பேசும், தனித்தனியாகப் போனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஹாரன், அண்ணி, நான் மூன்று பேரும் மேனேஜர் அறைக்குப் போனோம்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் குடும்பஸ்தர். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றும் அப்படியே ஆரம்பித்தார்.

"அவங்க குரல்தான் சார் மாறியிருக்கு, வேகம் மாறல. ஒருதடவை பக்கத்துல நின்னு பாருங்க" என்றார் ஹாரன்.

"இது சிஸ்டம் எடுத்த முடிவு. நான் மனுஷன், நான் இதுல எப்படித் தலையிட முடியும்?" என்றார் குடும்பஸ்தர்.

"சங்கம்னு வந்திருக்கோம் சார்."

"குடும்பத்துக்குள்ள எதுக்குங்க சங்கம்?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "குடும்பம்னா ரொம்ப சரி சார். சொத்துல எங்க பங்கு எதுன்னு சொல்லிட்டா வாங்கிட்டுப் போயிடறோம்" என்றேன். அவர் நல்ல ஜோக்கைக் கேட்டதுபோல் சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்தோம்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஹாரன் கூட்டம் போட்டார். வழக்கமாக விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் வருவார்கள். அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள், பூங்கொத்துச் செய்தி எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. இன்றைக்கு அண்ணியின் தொண்டை, நாளைக்கு யாருடைய முழங்காலோ. ஹாரன் வேலைநிறுத்தம் என்றார். உடனே தலைகள் குனிந்தன. வேலைநிறுத்தம் என்றால் அடுத்த நாளே வெளியிலிருந்து ஆள் இறக்குவார்கள், சட்டம் பேசுவார்கள், வழக்குப் போடுவார்கள். ஒருவர் மெல்லத் தன் சைக்கிளைப் பார்த்து நகர்ந்தார்.

அப்போது அண்ணி பேசினாள். அந்தக் கீச்சுக்குரலைக் கேட்க எல்லாரும் பக்கத்தில் நெருங்கி வர வேண்டியிருந்தது.

"எதுக்கு நிறுத்தணும்? தயாரான்னு அவ கேப்பா. நாம பதில் சொல்ல வேணாம். அவ்வளவுதானே?"

"பதில் சொல்லாம எப்படிம்மா இருக்கிறது?" என்றார் ஒருவர்.

"மாமியார் கேக்குற கேள்விக்கு பதில் சொல்லாம நிக்கிறதுல எனக்கு இருபது வருஷ அனுபவம் இருக்கு. நான் சொல்லித் தரேன்."

சிரிப்பு வெடித்தது. "எங்கம்மாவைத்தானே சொல்றீங்க?" என்று நான் இடுப்பில் கை வைத்தேன். "வேற யாரை?" என்றாள். முதல்முறையாக எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஹாரன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டே போனது. "அடேயப்பா" என்றார். "உள்ள செவுத்துல என்ன எழுதியிருக்கான் தெரியுமா?" தெரியாமல் என்ன, தினமும் பார்க்கிறோம். முன்பு ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து பெரிய விவகாரமானபோது, பழி தன் தலையில் விழக்கூடாது என்று நிர்வாகமே ஆள் உயரத்துக்கு மஞ்சள் எழுத்தில் எழுதிவைத்தது. முழுமையாகத் தயாராக இருந்தால் மட்டுமே 'தயார்' என்று சொல்லவும்.

"நாம விதியை மீறல. கடைப்பிடிக்கிறோம்" என்றார் ஹாரன். சைக்கிளைப் பார்த்து நகர்ந்தவர் திரும்பி வந்தார்.

அடுத்த இரண்டு நாளும் நான் ஓயவில்லை. உள்ளே ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேச முடியாது. உடை மாற்றும் அறையில் பேசினேன், பஸ் நிறுத்தத்தில் பேசினேன், கழிவறை வாசலில் வரிசையில் நின்றபடி பேசினேன். நான் பிடித்துக்கொண்டால் சங்கத்தில் சேர்ந்துவிட்டுத்தான் தப்பிக்க முடியும். "உங்க நாத்தனார் தொல்லை தாங்கல" என்று அண்ணியிடமே புகார் போனதாம். அண்ணி, "நான் தாங்கலையா? சேர்ந்துடுங்க" என்று சொல்லியனுப்பினாளாம்.

வாரத்தின் கடைசி வேலை நாள். ஒருவர் விடாமல் நேரத்துக்கு வந்தோம். ஹெட்செட்டை மாட்டி, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அவரவர் வரிசையில் நின்றோம்.

"வணக்கம். பணிக்குத் தயாரா?" என்றாள் மாமியார்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பேசாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தச் சொல் தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பி வந்து பல்லுக்குப் பின்னால் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். எதிரில் நின்ற பெரியவர் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். "பணிக்குத் தயாரா?" மேலே பெட்டிகளைச் சுமந்து போகும் பட்டை வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அது அப்படிக் கிறீச்சிடும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "பணிக்குத் தயாரா?" கேட்டுக் கேட்டுக் களைத்துப்போக அவள் மனுஷி இல்லை. நாங்களும் விடவில்லை.

சூப்பர்வைசர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். பிறகு குடும்பஸ்தரே இறங்கி வந்தார். அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக்கில் பேசினால் எங்கள் எல்லார் காதிலும் கேட்கும். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். நடுநடுவே மாமியார் "பணிக்குத் தயாரா?" என்று குறுக்கே புகுந்தாள். குடும்பத்தில் அதுவும் சகஜம்தான்.

"எதுக்கு வேலையை நிறுத்தினீங்க?" என்று ஹாரனிடம் கேட்டார்.

"நிறுத்தல சார். இன்னும் ஆரம்பிக்கல. தயாராகல. அதோ பாருங்க, நீங்க எழுதினதுதான்" என்று சுவரைக் காட்டினார் ஹாரன்.

குடும்பஸ்தர் சுவரைப் பார்த்தார். வெளியே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று சத்தம் போட ஆரம்பித்திருந்தன. அவர் கண் கூட்டத்தைத் துழாவி அண்ணியிடம் வந்து நின்றது. யாரை உடைத்தால் எல்லாம் உடையும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மைக் திறந்தே இருப்பதை மறந்துவிட்டார், ஒவ்வொரு சொல்லும் எங்கள் காதுக்குள் தெளிவாக விழுந்தது.

"அம்மா, வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. நீங்க ஆரம்பிச்சு வைங்க. அந்த மெசேஜை நான் பார்த்துக்கறேன், வரவே இல்லன்னு நெனச்சுக்குங்க."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளையே பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. சொன்னால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? என் அம்மாவின் மாத்திரைக்கும் சேர்த்துத்தானே அவள் சொல்லப்போகிறாள். ஆனால் அவள் சொன்னால் அடுத்த ஆள் சொல்லும், அதற்கடுத்த ஆள் சொல்லும், மதியத்துக்குள் சங்கம் என்று ஒன்று இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

"சரிங்க சார்" என்றாள் அண்ணி.

குடும்பஸ்தர் முகம் மலர்ந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று, ஹெட்செட்டோடு இணைந்து அவள் இடுப்பில் இருந்த கருவியின் ஒலிபெருக்கியைத் தன் கையாலேயே முடுக்கினார்.

"பணிக்குத் தயாரா?" என்றாள் மாமியார்.

"தயார்" என்றாள் அண்ணி.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"புரியவில்லை, மறுபடி சொல்லவும்."

கண்ணைத் திறந்தேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் குடும்பஸ்தர்.

"தயார்" என்று கத்தினாள் அண்ணி.

"புரியவில்லை, மறுபடி சொல்லவும்."

"இன்னொரு தடவை."

"தயார்."

"புரியவில்லை, மறுபடி சொல்லவும்."

குடும்பஸ்தருக்கு மூக்கு சிவந்துவிட்டது. அண்ணியின் ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் வாய்க்கு நேராக வைத்து, "தயார்! தயார்! தயார்!" என்று கத்தினார்.

"புரியவில்லை, மறுபடி சொல்லவும்" என்றாள் மாமியார், கொஞ்சமும் கோபப்படாமல்.

அண்ணி நிமிர்ந்தாள். "மூணு தடவைலயே உங்களுக்கு இவ்வளவு கோவம் வருதே சார். நான் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் இவகிட்ட இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். இப்ப உங்க வேகமும் போதலையே. உங்களுக்கும் பூங்கொத்து வருமா?"

முதலில் துண்டைக் கடித்திருந்த பெரியவர்தான் சிரித்தார், துண்டு தெறித்து விழுந்தது. பிறகு கிடங்கு மொத்தமும் சிரித்தது. அத்தனை ஹெட்செட்டுக்குள்ளும் சிரிப்புச் சத்தம் போக, அத்தனை மாமியாரும் ஒரே குரலில் "புரியவில்லை, மறுபடி சொல்லவும்" என்றார்கள். அதைக் கேட்டு மறுபடி சிரித்தோம். அவர்கள் மறுபடி கேட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டிகள்மேல் சாய்ந்து சிரித்தோம். அந்தக் கூரையின் கீழ் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டது அதுதான் முதல்முறை.

குடும்பஸ்தரின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, தலைமை அலுவலகம். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, யார் பேசணும்? நீங்களே வாங்கம்மா, பேசுவோம்" என்றார் அண்ணியிடம்.

"என்கிட்ட என்ன சார் இருக்கு பேச? சங்கத்தோட பேசுங்க" என்றாள் அண்ணி.

சங்கத்தோடு பேசினார்கள். ஹாரன் உள்ளே போனார், வாய் இருக்கிறது என்பதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சங்கத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இனிமேல் மெஷின் சொல்லி யாரையும் அனுப்பக்கூடாது, அனுப்புவதென்றால் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, சங்கத்தை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அண்ணிக்கு வந்த செய்தி ரத்து, குரலும் புதிதாகப் பதியப்படும். இதெல்லாம் கிடைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. மாமியாருக்கு ஒரு புது வார்த்தை கத்துக் குடுக்கணும்" என்றேன்.

தண்ணீர் குடிக்க, முதுகை நிமிர்த்த, கழிவறைக்குப் போக, இதற்கெல்லாம் அவளிடம் சொல்ல எங்களுக்கு ஒரு சொல் இல்லை. பேசாமல் நின்றால் அந்த நேரமெல்லாம் நம் கணக்கில் ஏறும். இரண்டு பக்கமும் வெகுநேரம் பேசி, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். எந்தச் சொல் என்பதில் மறுபடி இழுத்தார்கள். தலைமை அலுவலகத்து அதிகாரி போனில் "தற்காலிக இடைநிறுத்தக் கோரிக்கை" என்று யோசனை சொன்னார். மூச்சு வாங்கும்போது இதை எவன் சொல்வான்? "'இரு' போதும் சார்" என்றேன்.

வெளியே வந்து ஹாரன் சொன்னதும் எழுந்த ஆரவாரத்தில் லாரி ஓட்டுநர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் நேராக அண்ணியிடம் போனேன்.

"தயார்னு சொன்னீங்களே, எனக்கு உசிரே போயிடுச்சு. நெஜமாவே பயந்துட்டீங்களா?"

"பயமா? அவளுக்கு என் பேச்சு என்னைக்குப் புரிஞ்சிருக்கு? உங்க அம்மாகிட்டயும் இப்படித்தானே. சரிங்க அத்தைன்னு சொல்லிட்டே இருப்பேன், அவங்களுக்கு அது காதுலயே விழாது." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பயந்துதான் போயிருந்தாள், பாவம். பயத்தோடேதான் அதைச் செய்திருக்கிறாள்.

புதுச் சொல் மெஷினுக்குள் ஏறிய அன்று, முதலில் குரல் பதிந்தது அண்ணிதான். அந்தச் சின்ன அறையின் கண்ணாடிக்கு வெளியே நாங்கள் நெருக்கியடித்து நின்றோம். அந்தக் கீச்சுக்குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பதிந்து முடித்துத் தன் வரிசைக்கு வந்து, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருவியின் ஒலிபெருக்கியை நாங்கள் முடுக்கிவிட்டோம்.

"வணக்கம். பணிக்குத் தயாரா?" என்றாள் மாமியார்.

அண்ணி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"இரு" என்றாள்.

"சரி" என்றாள் மாமியார்.

அப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், அவசரமே இல்லாமல் குடித்தாள். நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். என் அண்ணி வாயைத் துடைத்தாள், மூடியைத் திருகினாள், பாட்டிலை வண்டியில் வைத்தாள். பிறகு "தயார்" என்றாள். முதல்தடவையிலேயே புரிந்தது.